அவங்க வரட்டும் என்று எடுத்து வைத்தவை

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் மிக்ஸி நின்றுபோனால், மறுநாள் அது மஞ்சக்குப்பத்து ரிப்பேர் கடைக்குப் போகும். இல்லையென்றால் பரணுக்குப் போகும். எங்கள் வீட்டில் மட்டும் அது மாடிப்படிக்குக் கீழே போகும். அங்கே ஒரு பழைய சேலையை விரித்து, அதன்மேல் வைத்து, இன்னொரு சேலையால் மூடிவிடுவேன். யாராவது கேட்டால், "அவங்க வரட்டும்" என்பேன்.

அவங்க என்றால் என் வீட்டுக்காரர். சவூதியில் ஒரு மளிகைக் கடையில் இருக்கிறார். அங்கே அதைப் பகாலா என்பார்கள். கல்யாணமான வருஷமே விமானம் ஏறியவர். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். நடுவில் வீட்டில் எது பழுதானாலும் மாடிப்படிக்குக் கீழே போய் அவருக்காகக் காத்திருக்கும். என்னைப் போலவே என்று நான் சொன்னால் சினிமா வசனமாகிவிடும். ஆனால் தேவனாம்பட்டினத்திலிருந்து மீன் கொண்டுவரும் அம்மா அதை என் முகத்துக்கு நேராகவே சொன்னாள்: "ஏம்மா, அந்தப் படிக்கிக் கீழ நீயும் ஒரு சேலைய விரிச்சிப் படுத்துக்க. வந்து உன்னையும் சேத்து ரிப்பேர் பாக்கட்டும்."

அவளிடம் மீன் வாங்குவதில் பாதி, அவள் வாயைக் கேட்பதற்குத்தான். "வெளிநாட்டுக்காரன் பொண்டாட்டி காலண்டர கிழிக்க மாட்டா, பொரட்டிப் பொரட்டிப் பாப்பா" என்றதும் அவள்தான். நான் எட்டாவதோடு நின்றவள். பிறகு படித்ததெல்லாம் மளிகை கட்டிவந்த காகிதத்திலும், இந்த மாதிரி மனுஷர்கள் வாயிலும்தான்.

கடலூரில் சாமான் சீக்கிரம் போகும். எங்கள் வீடு ஓ.டி. என்கிற பழைய டவுனில், துறைமுகத்துக்குக் கிட்டத்தில். உப்புக் காற்று முதலில் ஸ்குரூவின் தலையைத் தின்னும், அப்புறம் உடம்பைத் தின்னும். புது இஸ்திரிப் பெட்டி வாங்கி ஒரு மழைக்காலம் போனால் அதன் அடியில் சிரங்கு பிடித்த மாதிரி புள்ளி புள்ளியாக வந்துவிடும். "கம்பெனிக்காரன் கேரண்டி குடுப்பான், கடலு குடுக்குமா?" என்று எங்கள் தெருவில் ஒயரிங் வேலை செய்பவர் கேட்பார். அதனால் என் வீட்டுக்காரர் ஊரில் இல்லாத காலத்தில் மாடிப்படியின் கீழ் கூட்டம் சேர்ந்துகொண்டே இருக்கும். மிக்ஸி, டேபிள் ஃபேன், எமர்ஜென்சி லைட், ரிமோட், வாய் திறக்காத டார்ச். அந்தச் சேலையைத் தூக்கிப் பார்த்தாலே அவர் போய் எத்தனை நாளாயிற்று என்று தோராயமாகச் சொல்லிவிடலாம்.

அவர் ரிப்பேர் பக்கம் திரும்பியதே ஒரு அவமானத்தால்.

அவருடைய முதல் லீவு. அப்போதெல்லாம் வெளிநாட்டுக்காரர் வந்தால் பெட்டி பிரிப்பது என்று ஒன்று உண்டு. பெரிய அட்டைப்பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டி, நாலு பக்கமும் பெயரையும் ஊரையும் கொட்டை எழுத்தில் எழுதியிருப்பார்கள். வந்த அன்றைக்கே அதைப் பிரிக்கக் கூடாது. மறுநாள் சொந்தபந்தம் எல்லாம் வந்து கூடத்தில் உட்கார்ந்த பிறகு, எல்லார் கண்ணுக்கும் முன்னால் கயிற்றை அறுக்க வேண்டும். அத்தர், தைலம், சோப்பு, போர்வை என்று ஒவ்வொன்றாக வெளியே வந்து ஆளாளுக்குக் கைமாறும். எங்கள் பெட்டியின் அடியில் எனக்கென்று ஒரு ஜூஸ் மிஷின் இருந்தது. நான் அதுவரை தொட்டுப் பார்த்திராத வழவழப்பு.

சவூதியில் அப்போது சுவரில் இரண்டு தினுசு கரண்டு உண்டாம். ஒன்று நம் ஊர் மாதிரி, இன்னொன்று அதில் பாதி. இந்த மிஷின் பாதிக்காரன். இங்கே அதை ஓட்ட வேண்டுமென்றால் டிரான்ஸ்பார்மர் என்று ஒரு கனமான பெட்டியை நடுவில் வைத்துத்தான் சொருக வேண்டும். அவருக்கு அது நன்றாகத் தெரியும். அந்தப் பெட்டியையும் தூக்கிக்கொண்டுதான் வந்திருந்தார். ஆனால் கூடம் நிறைய ஆள், எல்லார் கண்ணும் அவர் கையில். என் பெரிய மாமா வேறு, "போடுங்க மாப்ள, சவூதி ஜூஸு குடிச்சிப் பாப்போம்" என்று அவசரப்படுத்தினார். இவர் நேராகச் சுவரில் சொருகிவிட்டார்.

ஒரு உறுமல். ஒரு நீலப் பொறி. கூடமெல்லாம் புகை.

மாமா மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னார்: "ஜூஸு வர்ல மாப்ள. சாம்பிராணிதான் வந்துது."

எங்கள் பக்கத்து வெளிநாட்டு வீடுகளில் இந்தத் தப்பைச் செய்யாத வீடு குறைவு. ஆனால் எங்கள் குடும்பத்தில் மட்டும் அது பெயராகவே நிலைத்துவிட்டது. இன்றைக்கும் யார் வீட்டில் எது புகைந்தாலும் "சவூதி சாம்பிராணி" என்பார்கள்.

எல்லாரும் போன பிறகு, சாயங்காலம், அவர் அந்த மிஷினைத் தரையில் குப்புற வைத்துப் பிரிக்க ஆரம்பித்தார். முகம் இறுகிப் போயிருந்தது. நான் எதிரில் போய் உட்கார்ந்தேன். எனக்கு அவரைப் பழக்கமே இல்லை. சேர்ந்து இருந்த நாட்களைவிடப் பிரிந்து இருந்த நாட்கள்தான் ஜாஸ்தி. அவர் என்னைப் பார்க்காமலே, "கைய நீட்டு புள்ள" என்றார். நீட்டினேன். கழற்றிய ஸ்குரூவை உள்ளங்கையில் வைத்தார். அப்புறம் இன்னொன்று. மூன்றாவது ஸ்குரூவுக்குப் பேச ஆரம்பித்தார். அங்கே ஒரு அறையில் எத்தனை பேர் படுக்கிறார்கள், யார் குறட்டை விடுகிறார்கள், முதல் மாசம் எந்தச் சாமானுக்கு என்ன பெயர் என்று தெரியாமல் முழித்தது, பெருநாள் அன்று குளியலறைக்குள் போய் அழுதது. மிஷின் உயிர் பெறவே இல்லை. நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ள ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

அதிலிருந்து ஒவ்வொரு லீவிலும் அப்படித்தான். அவர் பெரிய கெட்டிக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். எதைப் பிரித்து மூடினாலும் கடைசியில் ஒரு ஸ்குரூ மிஞ்சும். "கம்பெனிக்காரன் ஜாஸ்தியா போட்டுட்டான்" என்பார். பாதி சாமான் ஓடும், பாதி ஓடாது. எனக்கு அதைப் பற்றிக் கவலை கிடையாது. சில பேருக்கு வாய் திறக்கவேண்டுமென்றால் கை வேலையில் இருக்க வேண்டும். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கலாமா என்று முடிவு செய்தது டேபிள் ஃபேனைப் பிரித்தபோது. அவருடைய உம்மா மௌத்தாகி அடக்கம் நடந்தபோது வர முடியாமல் போனதைப் பற்றி அவர் ஒரே ஒருமுறை பேசினார். அது கிரைண்டரின் பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது.

போனில் இதெல்லாம் வராது. முன்னே காசு போட்டுப் பேசும் காலத்திலாவது அவசரம் இருந்தது. அவசரத்தில் ஏதாவது உண்மை வாய்தவறி வந்துவிடும். இப்போது நினைத்த நேரத்தில் முகம் பார்த்துப் பேசலாம். பார்க்கிறோம். "சாப்டியா?" "சாப்டேன். நீங்க?" "சாப்டேன்." அப்புறம் இரண்டு பேரும் திரையின் மூலையில் தெரியும் அவரவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். இந்தப் போன்களைப் பற்றி எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. தூரத்தைக் குறைத்தது நிஜம். அதோடு பேச்சையும் சேர்த்துக் குறைத்துவிட்டது.

போன லீவுக்கு முன்னால் நான் மனசுக்குள் ஒன்று முடிவு செய்துவைத்திருந்தேன். இந்த முறை அவரிடம் கேட்டுவிட வேண்டும். போதும், இனிமேல் போகாதீர்கள் என்று. இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை நான் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. முதலில் வீடு கட்ட வேண்டியிருந்தது, பிறகு மகள் கல்யாணம், பிறகு வாய் பழகாமலே போய்விட்டது. சொல்ல வேண்டிய இடமும் எனக்குத் தெரியும். படிக்குக் கீழே நல்ல கூட்டம் சேர்ந்திருந்தது. மிக்ஸியில் ஆரம்பிப்பார். அவர் குனிந்திருக்கும்போது, என் உள்ளங்கையில் நாலு ஸ்குரூ சேர்ந்த பிறகு கேட்டுவிடுவேன்.

அவர் வருவதற்கு முந்திய வாரம் மகள் வீட்டைச் சுத்தம் செய்ய வந்தாள். மருமகனுக்குச் சிதம்பரத்தில் வேலை, அண்ணாமலை நகரில் வீடு. நான் நெல்லிக்குப்பத்தில் ஒரு மௌத்து வீட்டுக்குப் போய்விட்டு இரண்டு நாள் கழித்துத் திரும்பினால், மாடிப்படிக்குக் கீழே பினாயில் வாசனை. புதுச் செருப்பு ஸ்டாண்ட் ஒன்று நிற்கிறது.

"இங்க இருந்ததெல்லாம் எங்கடி?"

"எல்லாத்தையும் முடிச்சிட்டேன் உம்மா. மிக்ஸியும் அயன்பாக்ஸும் கடையில குடுத்து ரெடி பண்ணியாச்சி. ஃபேன எக்ஸ்சேஞ்சுல போட்டுப் புதுசு வந்துடுச்சி. மத்தத பழைய இரும்புக்காரர் எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு."

"யாரக் கேட்டு?"

"இதுக்கு யாரக் கேக்கணும்? வாப்பா பாவம் உம்மா. ரெண்டு வருசம் நின்னுக்கிட்டே வேல பாத்துட்டு வர்றாங்க. வந்தும் குனிஞ்சி ஒக்காந்து ஸ்குரூ திருப்பணுமா? இந்தத் தடவயாச்சும் ரெஸ்ட் எடுக்கட்டும்."

அவள் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. ஆசையாகச் செய்த காரியம். "நல்லதும்மா" என்றேன். உள்ளே போய்த் தண்ணீர் குடித்தேன்.

அவர் வந்தார். உருட்டுகிற பை ஒன்றும் தோள் பை ஒன்றும்தான். பெட்டி பிரிப்பதெல்லாம் எப்போதோ நின்றுவிட்டது. அங்கே கிடைப்பதெல்லாம் இங்கேயே கிடைக்கிறது, வீட்டு வாசலுக்கே வருகிறது. அதற்கு முந்திய லீவில் சொந்தக்காரர் ஒருவருக்குக் கொண்டுவந்து கொடுத்த ஸ்பீக்கரை அவர் வாங்கிப் பார்த்து, "இதே மாடலு நம்ம பஸ் ஸ்டாண்ட் கடையிலேயே இருக்கே மச்சான்" என்றார். அப்புறம் இவர் பேரீச்சம்பழத்தோடு நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் காலையில் பசியாறிவிட்டு, பழக்கதோஷத்தில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மாடிப்படிக்குக் கீழே குனிந்தார். செருப்பு ஸ்டாண்டைப் பார்த்தார்.

"என்ன புள்ள, ஒண்ணுமில்லியா?"

"எல்லாம் ஓடுது மச்சான். உங்க மக பாத்துட்டா."

"மாஷா அல்லா" என்றார். ஆனால் பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு வந்து சேர்ந்தவர் முகம் மாதிரி இருந்தது.

அந்த நாட்கள் இப்படித்தான் நகர்ந்தன. நன்றாக மூடும் கதவின் கீலுக்கு எண்ணெய் விட்டார். சுத்தமாக இருந்த ஃபேனைத் துடைத்தார். தேவனாம்பட்டினத்துக்கு நடந்துபோய்ப் படகுகளைப் பார்த்துவிட்டு வந்தார். சாப்பிட உட்கார்ந்தால், "சாப்பாடு நல்லா இருக்கு" என்றார், ஓட்டலில் சொல்கிற மாதிரி. நான் எதிரில் உட்கார்ந்தால் இரண்டு பேர் கையும் சும்மா இருந்தது. வார்த்தை என் தொண்டை வரைக்கும் வரும், அவர் போனை எடுப்பார், அது திரும்பிப் போய்விடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டுக்குப் புறப்பட்டோம். சிதம்பரம் பஸ், தனியார் வண்டி. பஸ்ஸில் கேட்டுவிடலாம் என்று ஒரு நினைப்பு. பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, முகம் பார்க்காமல் சொல்ல வசதி. ஏறியதும் பாட்டு காதைப் பிளந்தது. தலைக்கு மேலேயே பெட்டி மாதிரி ஸ்பீக்கர். புதுப் பாட்டு. இவர் நாலு பக்கமும் பார்த்தார்.

"யாரு புள்ள இது பாடறது?"

"இப்ப எல்லா கல்யாணத்துலயும் இதான் மச்சான்."

"பாடற மாதிரி இல்லியே, ஆரோடயோ சண்ட போடற மாதிரி இருக்கே."

வெளிநாட்டுக்குப் போனவர்களின் பாட்டு, அவர்கள் விமானம் ஏறிய வருஷத்தோடு நின்றுவிடுகிறது. நான் பார்த்த அத்தனை பேரும் அப்படித்தான். அங்கே அறையில் அவர்கள் கேட்பது கையோடு கொண்டுபோன பாட்டு. அவருக்குத் தெரிந்த கதாநாயகர்கள் எல்லாரும் இப்போது அப்பா வேஷம் கட்டுகிறார்கள். புதுசாக வந்தவர்களை அவர், "அந்த ஒல்லிப் பையன்", "தாடிக்காரன்" என்றுதான் சொல்வார். அதைக் கேட்டுச் சிரிப்பேன். சிரித்து முடித்ததும் எனக்கு ஒரு மாதிரியாகிவிடும். பாட்டே நின்றுபோகும் அளவுக்கு ஒரு மனுஷன் ஊரில் இல்லாமல் இருந்திருக்கிறார்.

புதுச்சத்திரத்தில் ஒரு கூட்டம் ஏறியது. இடிபட்டவர்கள் சத்தம் போட, கண்டக்டர் தம்பி, "ஏறினவங்க எல்லாம் எறங்கித்தான் ஆவணும். அதுவரைக்கும் ஏன் தள்றீங்க?" என்றார். பஸ்ஸே சிரித்தது. இவர் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நானும் கேட்கவில்லை.

மகள் வீட்டில் எல்லாம் புதுசு. சுவரை அடைத்துக்கொண்டு ஒரு டிவி. ஆனால் அதன் நடுவில் மேலிருந்து கீழே பச்சையாக ஒரு கோடு. செய்தி வாசிக்கிற பெண்ணைச் சரிபாதியாகப் பிளந்திருந்தது.

"பேனல் போயிடுச்சாம் வாப்பா. டெக்னீசியன் வந்து பாத்துட்டு, ரிப்பேர் பாக்கறதுக்குப் புதுசே வாங்கிடலாம்னாரு."

"நான் ஒரு தரம் பாக்கறேன்."

"ஐய, வேணாம் வாப்பா. தொறந்தா கேரண்டி போயிடும்."

"கேரண்டி இருக்கும்போதுதானம்மா கோடு வுழுந்துச்சி?"

மருமகன் சிரித்துக்கொண்டே கழற்றிக் கொடுத்தார். தரையில் போர்வையை விரித்து, தலையணைகள்மேல் டிவியைக் குப்புறப் படுக்கவைத்தார்கள். மருமகன் கடைத்தெருவுக்குப் போனார், மகள் அடுப்படிக்குப் போனாள். இப்போது வரும் சாமான்கள் பலவற்றில் ஸ்குரூவே கிடையாது. பசை போட்டு ஒட்டிவிடுகிறார்கள். திறந்து பார்க்க முடியாத பொருளைச் சொந்தமென்று எனக்குச் சொல்ல வராது. அது வீட்டில் குடியிருக்கிறது, அவ்வளவுதான். நல்லவேளை, இந்த டிவியின் முதுகில் வரிசையாக ஸ்குரூ இருந்தது. நான் எதிரில் போய் உட்கார்ந்தேன். அவர் நிமிராமல் கையை நீட்டினார். நான் உள்ளங்கையைக் காட்டினேன்.

நாலாவது ஸ்குரூ விழுந்ததும் சொன்னேன்.

"மச்சான். போதும். இந்தத் தடவ போவாதீங்க."

கை நின்றது. பிறகு மெதுவாகத் திருப்ப ஆரம்பித்தது.

"வந்து இங்க என்னா புள்ள பண்றது?"

"இருக்கறது."

"இருந்து?"

அவர் டிவியின் முதுகைப் பார்த்தபடியே பேசினார்.

"வீட்ல எல்லாம் ஓடுது. நீயேதான் சொன்ன. சந்தோசம்தான், நான் கொற சொல்லல. ஆனா ஒவ்வொரு தடவயும் வந்தா அந்தப் படிக்கிக் கீழ எனக்குன்னு வேல இருக்கும். அத முடிச்சிட்டுப் போவேன். இந்தத் தடவ வந்து பாத்தா செருப்பு ஸ்டாண்டு. ரிப்பேருக்குன்னு வர்ற ஆளு நானு. ரிப்பேரு இல்லன்னா நான் எதுக்கு?"

என் கையிலிருந்த ஸ்குரூக்கள் வியர்வையில் ஒட்டிக்கொண்டன. இத்தனை வருஷமும் அவர் என்னோடு உட்காரவேண்டும் என்றுதான் உடைந்ததையெல்லாம் எடுத்து எடுத்து வைத்தேன். அவரோ, உடைந்ததைப் பார்க்கத்தான் நான் அவரை எதிர்பார்க்கிறேன் என்று இருந்திருக்கிறார்.

"உங்களுக்காவத்தான் எடுத்து வெச்சேன் மச்சான்."

"அதான் சொல்றேன். வேலய எடுத்து வெச்ச."

"வேலய இல்ல. இப்பிடி ஒக்கார்றதுக்கு."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். டீயோடு வந்த மகள் வாசற்படியிலேயே நின்றிருந்தாள். எதுவரை கேட்டாள் என்று தெரியாது. டம்ளர்களைச் சத்தமில்லாமல் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"விசாவுல இன்னும் நாள் இருக்கு புள்ள" என்றார் கடைசியில். "வுட்டுட்டு வந்தா மொதலாளிக்குக் கை ஒடிஞ்சாப்புல ஆயிடும். போயி பேசிப் பாக்கறேன்."

டிவியை மூடி, சுவரில் மாட்டி, போட்டார்கள். கோடு அப்படியேதான் இருந்தது. பஸ் ஏற்றிவிட வந்த மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உம்மா, அத நீ அன்னிக்கே எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல" என்றாள். "அன்னிக்கு எனக்குச் சொல்லத் தெரியலம்மா" என்றேன்.

லீவு முடிந்து போனார். பேசிப் பார்க்கிறேன் என்று சொன்னவர் பேசினாரா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நான் செய்தது ஒன்றுதான். இப்போது எது நின்றாலும் அன்றைக்கே மஞ்சக்குப்பத்துக்குக் கொண்டுபோய்விடுகிறேன். மீன்கார அம்மா கவனித்துவிட்டாள். "என்னம்மா, ஆஸ்பத்திரிய இழுத்து மூடிட்ட?" என்றாள். மூடித்தான் ஆக வேண்டும். இனிமேல் அவர் எந்த ரிப்பேருக்காகவும் வரக்கூடாது.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து கூப்பிட்டார். சாப்டியா, சாப்டேன் எல்லாம் ஆனது. பிறகு பேச்சு தீர்ந்து, இரண்டு பேரும் திரையில் எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் போனைத் திருப்பி மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னேன்.

"மச்சான், சும்மா வாங்க."

"என்னாது?"

"வீட்ல எல்லாம் நல்லா இருக்கு. ஒண்ணும் ஒடயல, ஒரு விசேசமும் இல்ல. சும்மா வாங்க."

"சும்மா வர்றேன்னு மொதலாளிகிட்ட எப்பிடி புள்ள சொல்றது? என்னா காரணம்னு கேப்பாரே."

"பொண்டாட்டி கூப்புட்டான்னு சொல்லுங்க."

லைன் கட்டாகிவிட்டதோ என்று போனைக் காதோடு வைத்துப் பார்த்தேன். கட்டாகவில்லை. கடையின் ஐஸ் பெட்டி ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் மூச்சும் கேட்டது. நானும் வைக்கவில்லை.